29-க்கு எதிரே 21: சிகாகோ மேயர் ஹரால்டு வாஷிங்டன்

1983 மே 2ஆம் தேதி. அமெரிக்காவின் சிகாகோ நகரில் புதிய மாநகராட்சி மன்றம் கூடியது. பொறுப்பேற்று மூன்றே நாட்கள் ஆன மேயர் ஹரால்டு வாஷிங்டன் தலைமை இருக்கையில் இருந்தார். அந்த நகரின் வரலாற்றில் அந்த இருக்கைக்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். மன்றத்தில் மொத்தம் 50 கவுன்சிலர்கள். அதில் 29 பேர் தமக்கு எதிராக அணி சேர்ந்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நிதிக் குழு தொடங்கி எல்லா முக்கியக் குழுக்களின் தலைமையையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள அவர்கள் ஆயத்தமாக வந்திருந்தார்கள்.

கூட்டத்தை ஒத்திவைப்பதாக அறிவித்துவிட்டு ஹரால்டு எழுந்து வெளியேறினார். அவருடைய ஆதரவாளர்கள் 21 பேரும் பின்னால் போனார்கள். 29 பேர் இடத்தை விட்டு அசையவில்லை. கூட்டத்தைத் தாங்களே தொடர்ந்து நடத்தினார்கள். நினைத்தபடி குழுக்களைப் பிரித்துக்கொண்டார்கள். விவகாரம் நீதிமன்றம் போனது. தீர்ப்பு அந்த 29 பேருக்குச் சாதகமாக வந்தது.

ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாக்களித்து உட்கார வைத்த மனிதர், உட்கார்ந்த முதல் வாரத்திலேயே கை கட்டப்பட்டு நின்றார். பதவி கிடைப்பது வேறு, அதிகாரம் கிடைப்பது வேறு என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த ஊரில் அப்போது எவரும் இருந்திருக்க முடியாது. ஏனென்றால் எண்ணிக்கை அரசியலிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர்.

சிகாகோ என்றதும் நமக்கு மே தினத்துக்குக் காரணமான தொழிலாளர் போராட்டம் நினைவுக்கு வரும். டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் கட்டமைப்பு வகுத்துக் கொடுத்த 110 மாடி சியர்ஸ் கோபுரமும் சிலருக்கு நினைவுக்கு வரலாம். அமெரிக்கர்களைக் கேட்டால் அரசியலைத்தான் முதலில் சொல்வார்கள். அந்நகரின் டெமாக்ரடிக் கட்சி அமைப்புக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் இயந்திரம். ஒரு முனையில் வேலைவாய்ப்பைப் போட்டால் மறுமுனையில் வாக்கு வந்து விழும் இயந்திரம்.

நகரம் 50 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வார்டுக்குக் கட்சிப் பொறுப்பாளர் ஒருவர். அவருக்குக் கீழே ஒவ்வொரு வாக்குச்சாவடிப் பகுதிக்கும் ஓர் ஆள். சில தெருக்கள் அடங்கிய அந்தச் சின்ன மஹல்லாவில் எந்த வீட்டில் எத்தனை வாக்கு, யாருக்கு வேலை இல்லை, யார் வீட்டு முன்னால் குப்பை அள்ளவில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. குறையைத் தீர்த்து வைப்பார். தேர்தல் நாளில் வாக்கை எண்ணி வாங்கிக்கொள்வார். மாநகராட்சி வேலைகளில் பெரும்பகுதி இப்படித்தான் பங்கிடப்பட்டது. 1955 முதல் 1976 டிசம்பரில் இறக்கும் வரை மேயராக இருந்த ரிச்சர்டு ஜே. டேலி இந்த இயந்திரத்தை ஒற்றை ஆளாக இயக்கினார்.

கறுப்பின மக்கள் இதில் எங்கே இருந்தார்கள்? தெற்குப் பகுதியிலும் மேற்குப் பகுதியிலும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். டேலிக்கு வாக்குகளை அள்ளிக் கொடுத்தார்கள். 1963 தேர்தலில் வெள்ளையரில் பெரும்பான்மையோர் கைவிட்டபோது டேலியைக் கரை சேர்த்தது கறுப்பின வாக்குதான். பதிலுக்குக் கிடைத்ததோ சில நூறு கடைநிலை வேலைகளும் சில கவுன்சிலர் பதவிகளும். பள்ளிக்கூடம், குடியிருப்பு, காவல்துறை எதிலும் அவர்கள் குரல் எடுபடவில்லை. கொடுத்த வாக்குக்கும் பெற்ற பங்குக்கும் ஒட்டும் உறவும் இல்லாத கணக்கு அது.

ஹரால்டின் தந்தை ராய் வாஷிங்டன் அந்த இயந்திரத்தின் ஒரு பல்சக்கரம். கசாப்புத் தொழிற்சாலை வட்டாரத்தில் உழைத்துக்கொண்டே இரவுக் கல்லூரியில் சட்டம் படித்தவர். வழக்கறிஞர், மெத்தடிஸ்ட் திருச்சபைப் போதகர், மூன்றாம் வார்டின் கட்சிப் பகுதிப் பொறுப்பாளர் என மூன்று வேலைகள் அவருக்கு. 1922 ஏப்ரல் 15ஆம் தேதி ஹரால்டு பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட, மகன் தந்தையிடமே வளர்ந்தார். வீட்டுக்கு வருவோர் போவோர் பேசியதெல்லாம் அரசியல். பையனின் கையில் எப்போதும் புத்தகம்.

டுசாபல் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். சிகாகோ இருக்கும் இடத்தில் முதன்முதலில் நிலையாகக் குடியேறிய வெளியாள் ஒரு கறுப்பின வணிகர். அவருடைய பெயரைத் தாங்கிய பள்ளி அது. தடை தாண்டும் ஓட்டத்தில் பையன் கெட்டிக்காரன். படிப்பை முடிக்காமலே வெளியேறிவிட்டார். பொருளாதார மந்தக் காலத்தில் அரசு நடத்திய வேலைத் திட்டத்தில் சேர்ந்து மிச்சிகன் மாநிலத்தில் மரம் நட்டார். பிறகு இறைச்சித் தொழிற்சாலை வேலை. பத்தொன்பது வயதில் திருமணம். சில ஆண்டுகளில் மணமுறிவு. பிள்ளைகள் இல்லை.

இரண்டாம் உலகப்போரில் படைக்கு அழைக்கப்பட்டு, பசிபிக் தீவுகளில் விமான ஓடுதளம் அமைக்கும் பிரிவில் பணியாற்றினார். அப்போது அமெரிக்கப் படையில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பிரிவுகள். நாட்டுக்காக உயிரைக் கொடுக்கலாம், பக்கத்துப் படுக்கையில் படுக்கக்கூடாது என்ற காலம் அது. போர் முடிந்து திரும்பியவர், படைவீரர்களுக்கான கல்விச் சலுகையைப் பயன்படுத்தி ரூஸ்வெல்ட் கல்லூரியில் சேர்ந்தார். வெள்ளை மாணவர்கள் மிகுந்த அந்தக் கல்லூரியில் மாணவர் மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிற்கால மேயருக்கு முதல் ஒத்திகை அதுதான் என்று சொல்லலாம். 1952இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சட்டப்படிப்பை முடித்தார். அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் கறுப்பர்.

அடுத்த ஆண்டு தந்தை காலமானார். தந்தை வகித்த கட்சிப் பொறுப்பும் மாநகராட்சி சட்டத்துறை வேலையும் மகனுக்கு வந்தன. மூன்றாம் வார்டின் கவுன்சிலர் ரால்ஃப் மெட்காஃப். 1932, 1936 ஒலிம்பிக் நூறு மீட்டர் ஓட்டங்களில் வெள்ளி வென்றவர், ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்த வீரர். அவருக்காக வார்டின் இளைஞர் அணியைக் கட்டியெழுப்பியவர் ஹரால்டு. இயந்திரத்துக்குள் இருந்துகொண்டே அதன் ஒவ்வொரு ஆணியையும் கற்றுக்கொண்ட பத்தாண்டுகள் அவை. பின்னால் வந்த சீர்திருத்தக்காரர்கள் பலருக்கு இந்தப் பயிற்சி இல்லை. இயந்திரத்தை வெளியில் நின்று திட்டத் தெரிந்ததே தவிர, அது எப்படி ஓடுகிறது என்று தெரியவில்லை.

1964இல் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒரு விசித்திரமான தேர்தல் நடந்தது. தொகுதி மறுவரையறையில் கட்சிகள் உடன்படாததால், மாநிலப் பிரதிநிதிகள் சபையின் 177 உறுப்பினர்களையும் தொகுதியே இல்லாமல் மாநிலம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. வாக்குச்சீட்டு அத்தனை நீளம். படுக்கை விரிப்பு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த நீண்ட பட்டியலில் ஒரு பெயராக ஹரால்டு சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். அடுத்த 15 ஆண்டுகளுக்கும் மேல் சிகாகோவிலிருந்து சுமார் 320 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுதான் அவருடைய பணியிடம். 1976 வரை பிரதிநிதிகள் சபை, பிறகு 1980 வரை மாநில செனட்.

டேலியின் ஆள் என்ற முத்திரையுடன் வந்தவர் என்பதால் கட்சி சொன்னபடி பல நேரங்களில் கை தூக்கினார். சில இடங்களில் மறுத்தார். காவல்துறையின் அத்துமீறல்களை விசாரிக்கப் பொதுமக்கள் இடம்பெறும் வாரியம் வேண்டும் என்று அவர் மசோதா கொண்டுவந்தது மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. மசோதாவும் தேறவில்லை. இரண்டு பக்கமும் பார்த்து நடக்க வேண்டியிருந்த இந்த ஆண்டுகளைச் சிலர் சந்தர்ப்பவாதம் என்பார்கள். என் பார்வையில் அது ஒரு பொறுமை. ஆனால் விலை கொடுத்து வாங்கிய பொறுமை.

சட்டமன்றத்தில் அவர் செய்த இரண்டு காரியங்கள் நிலைத்தன. மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாளை அரசு விடுமுறையாக்கும் மசோதாவை விடாமல் முன்வைத்தார். 1973இல் அது சட்டமானது; சட்டத்தின் மூலம் அவ்விடுமுறையை அறிவித்த முதல் மாநிலம் இல்லினாய்ஸ். நாடு முழுமைக்கும் அது வர இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. இரண்டாவது, 1979இல் நிறைவேறிய இல்லினாய்ஸ் மனித உரிமைச் சட்டம். வேலை, வீடு, கடன் போன்றவற்றில் இனம், மதம், பிறந்த நாடு முதலியவற்றைக் காட்டி ஒருவரை ஒதுக்குவதற்கு எதிரான பாதுகாப்புகளை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்த சட்டம் அது.

இங்கே ஒரு கசப்பான பக்கத்தையும் திறக்க வேண்டும். நமக்குப் பிடித்தவர்களின் வரலாற்றை எழுதும்போது இத்தகைய பக்கங்களை மடித்து வைத்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஹரால்டு நான்கு ஆண்டுகளுக்கு வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யவில்லை. வரியின் பெரும்பகுதி சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டிருந்தது. நின்ற பாக்கி சில நூறு டாலர்தான். ஆனாலும் குற்றம் குற்றமே. 1972இல் சட்டமன்ற உறுப்பினராக இருக்கும்போதே 36 நாட்கள் சிறையில் இருந்தார். அதற்கு முன்பே, பணம் வாங்கிய சில கட்சிக்காரர்களின் வழக்கை நடத்தித் தரவில்லை என்ற புகாரில் வழக்கறிஞர் உரிமம் இடைநிறுத்தப்பட்டிருந்தது. பெரிய கொள்ளையடித்தவர் அல்லர், சோம்பலும் அலட்சியமும்தான். ஆனால் ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வருபவரின் சிறு அலட்சியத்தையும் எதிராளி பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வான். பதினோரு ஆண்டுகள் கழித்து அது வெளியே எடுக்கப்பட்டது.

டேலி இறந்த பிறகு 1977இல் நடந்த இடைத்தேர்தலுக்கான கட்சி வேட்பாளர் தேர்வில் ஹரால்டு நின்றார். பத்துச் சதவீதத்துக்குச் சற்று மேல் வாக்கு வாங்கித் தோற்றார். தோல்வி அவருக்கு ஒரு விடுதலையைக் கொடுத்தது. இயந்திரத்துக்கு இனி எந்தக் கடனும் இல்லை. அதே இயந்திரம் எதிர்த்து நின்றும் மாநில செனட் இடத்தைத் தக்கவைத்தார். 1980இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனார். 1982இல் வாக்குரிமைச் சட்டத்தைப் புதுப்பிக்கும் போராட்டம் வந்தபோது அதற்காக முன்னின்று உழைத்தவர்களில் அவரும் ஒருவர். ஒரு தேர்தல் ஏற்பாடு சிறுபான்மையினரின் வாக்கைச் செல்லாக்காசாக்குகிறது என்று காட்டினால் போதும், அப்படிச் செய்யும் உள்நோக்கம் இருந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை என அந்தத் திருத்தம் சொன்னது. இந்த வரியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதற்கிடையில் சிகாகோவில் ஜேன் பைர்ன் மேயராகியிருந்தார். 1979 ஜனவரியில் நகரையே மூடிய பனியை அள்ளத் தவறிய முந்தைய மேயர் மீதான கோபத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த பெண்மணி. கறுப்பின வாக்கு அவருக்குப் பெரிதும் உதவியது. ஆனால் கறுப்பினக் குடும்பங்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அரசுக் குடியிருப்புகளை நிர்வகிக்கும் வாரியத்திலேயே கறுப்பின உறுப்பினர்களை மாற்றி வெள்ளையரை அமர்த்தினார். மக்கள் கொதித்தார்கள். மேயர் பதவிக்கு நமது ஆள் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. எல்லாரும் ஹரால்டைப் போய்ப் பார்த்தார்கள்.

அவர் உடனே தலையாட்டவில்லை. முதலில் 50,000 புதிய வாக்காளர்களைப் பதிவு செய்து காட்டுங்கள், பிறகு பேசலாம் என்றார். இந்த ஒரு நிபந்தனையில் அவருடைய அரசியல் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது பெரும்பாலும் குடிமகனின் பொறுப்பு. அதிகாரி வீடு தேடி வரமாட்டார். நமக்கு யார் வந்து என்ன ஆகப்போகிறது என்று சலித்துப்போய்ப் பதியாமலே கிடந்தவர்கள் ஏராளம். 1982 கோடை முழுவதும் தேவாலயங்களும் மாணவர்களும் வானொலி நிலையங்களும் தெருவில் இறங்கினார்கள். அரசு உதவித்தொகை வாங்கவும் வேலையின்மைப் படி வாங்கவும் வரிசையில் நிற்கும் ஏழைகளிடமே மேசை போட்டுப் பதிவு செய்தார்கள். கறுப்பின அழகுசாதன நிறுவன அதிபர் எட் கார்ட்னர் தம் விளம்பரப் பிரிவையே இந்த வேலைக்குத் திருப்பிவிட்டார். 50,000 கேட்டவருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் கிடைத்தது. நவம்பர் 10ஆம் தேதி ஹரால்டு தம் போட்டியை அறிவித்தார்.

சிகாகோவில் 1927க்குப் பிறகு ரிபப்ளிகன் கட்சிக்காரர் எவரும் மேயர் தேர்தலில் வென்றதில்லை. ஆகவே டெமாக்ரடிக் வேட்பாளர் தேர்வில் வெல்வதே மேயராவதற்குச் சமம். அந்தத் தேர்வில் மூவர்: பதவியில் இருந்த பைர்ன், மறைந்த டேலியின் மகன் ரிச்சர்டு எம். டேலி, ஹரால்டு. ஹரால்டிடம் பணம் குறைவு. ஜனவரியில் நடந்த நான்கு தொலைக்காட்சி விவாதங்கள் அவரைத் தூக்கி நிறுத்தின. நிறையப் படித்தவர், சட்டமன்றத்தில் பேசிப் பழகியவர், சிரிக்கவும் வைப்பார். 1983 பிப்ரவரி 22ஆம் தேதி வெள்ளையரின் வாக்கு இரண்டாகப் பிரிய, ஏறத்தாழ 36 சதவீத வாக்குடன் அவர் வென்றார்.

அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அன்றுவரை பெயருக்கு நின்றுகொண்டிருந்த ரிபப்ளிகன் வேட்பாளர் பெர்னார்டு எப்டன் திடீரென்று நகரின் நம்பிக்கை நட்சத்திரமானார். அவர் ஹரால்டுடன் இல்லினாய்ஸ் சட்டமன்றத்தில் இருந்தவர். இனவெறியர் என்று பெயர் வாங்கியவரும் அல்லர். டெமாக்ரடிக் வார்டுப் பொறுப்பாளர்கள் பலர் தம் சொந்தக் கட்சி வேட்பாளரைக் கைவிட்டு அவருக்கு வேலை செய்தார்கள். காலம் கடந்துபோவதற்குள் எப்டனுக்கு வாக்களியுங்கள் என்ற பொருளில் விளம்பரம் வந்தது. எதற்குக் காலம் கடக்கிறது என்பதை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. சிறைவாசமும் வரிக் கணக்கும் ஊரெங்கும் பேசப்பட்டன. குருத்தோலை ஞாயிறன்று வடமேற்குப் பகுதியில் புனித பாஸ்கல் தேவாலயத்துக்கு, முன்னாள் துணை அதிபர் வால்டர் மாண்டேலுடன் ஹரால்டு போனார். வாசலில் கூடிய கூட்டம் கூச்சலிட்டு வசைபாடி விரட்டியது. தேவாலயக் கதவில் வெறுப்பு வாசகம் எழுதப்பட்டிருந்தது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. வெட்கப்பட்ட வெள்ளையர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஏரிக்கரை வார்டுகளில் இருந்த அவர்களுடைய வாக்கு இல்லாமல் கணக்கு நேராகியிருக்காது.

ஏப்ரல் 12ஆம் தேதி நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் வாக்குப்பதிவு. சுமார் 48,000 வாக்கு வித்தியாசத்தில் ஹரால்டு வென்றார். நகர மக்கள்தொகையில் ஏறத்தாழ 40 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர் அநேகமாக ஒட்டுமொத்தமாக அவருக்கு வாக்களித்தார்கள். அது மட்டும் போதவில்லை. முதல் சுற்றில் ஒதுங்கியிருந்த லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் இரண்டாம் சுற்றில் பெருவாரியாக வந்தார்கள். வெள்ளையரில் எட்டில் ஒருவர் அளவுக்கு வந்தார்கள். ஒரு சமூகத்தின் ஒற்றுமை வாசல் வரை கொண்டுவந்தது. உள்ளே நுழைய அடுத்த வீட்டாரின் கையும் வேண்டியிருந்தது.

இப்போது கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த அந்த மன்றக் கூட்டத்துக்குத் திரும்புவோம். 29 பேரின் தலைவர்கள் எட்வர்டு வெர்டோலியாக், எட்வர்டு பர்க் என்ற இரு கவுன்சிலர்கள். பிற்காலத்தில் இருவருமே ஊழல் வழக்குகளில் தண்டனை பெற்றுச் சிறை சென்றவர்கள். 29 பேரில் 28 பேர் வெள்ளையர். மேயர் பக்கம் 16 கறுப்பினத்தவரும் 5 வெள்ளையரும். மேயர் அனுப்பும் நியமனங்களை மன்றம் ஏற்க வேண்டும். ஏற்காமல் மாதக்கணக்கில் கிடப்பில் போட்டார்கள். வரவு செலவுத் திட்டத்தைப் பிய்த்துப் போட்டார்கள். அவர்கள் போடும் தீர்மானத்தை மேயர் தம் மறுப்பாணையால் தடுப்பார். அதை முறியடிக்க 34 வாக்கு வேண்டும், அவர்களிடம் 29தான். அவரால் எதையும் செய்ய முடியவில்லை, அவர்களாலும் எல்லாவற்றையும் செய்ய முடியவில்லை. லெபனான் உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்த காலம் அது. ஏரிக்கரையில் ஒரு பெய்ரூட் என்று சிகாகோவைப் பத்திரிகைகள் கேலி செய்தன. பெய்ரூட் மக்கள் பட்ட பாட்டை நினைத்தால் அந்த உவமை கொஞ்சம் அதிகம்தான்.

மன்றத்தின் சம்மதம் தேவைப்படாத வழிகளை ஹரால்டு தேடித்தேடிப் பயன்படுத்தினார். ஆணை மூலமே நகராட்சி ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார். கட்சிச் சீட்டைப் பார்த்து வேலை கொடுப்பதைத் தடுக்கும் நீதிமன்ற உடன்பாட்டில் கையெழுத்திட்டார். தம் ஆட்களுக்கு வேலை வாங்கித்தரும் அதிகாரத்தைத் தாமே வெட்டிக்கொண்ட செயல் அது. சொந்த ஆதரவாளர்களிலேயே பலர் முணுமுணுத்தார்கள். இத்தனை காலம் அவர்கள் சாப்பிட்டார்கள், நம் முறை வரும்போது பந்தியையே எடுத்துவிடுவதா என்பது அவர்கள் ஆதங்கம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மாநகராட்சி ஒப்பந்தங்களில் 25 சதவீதம் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கும் 5 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் என்று 1985இல் இலக்கு வைத்தார்.

அதே ஆண்டு மார்ச்சில் அவர் போட்ட இன்னோர் ஆணை இன்றும் பேசப்படுகிறது. மாநகராட்சிச் சேவையைக் கேட்டு வரும் எவரிடமும் அவருடைய குடியேற்ற ஆவணங்களைப் பற்றி விசாரிக்கக்கூடாது என்றது அது. மெக்சிகோவிலிருந்து வந்தவர்களும், அகதிகளாக வந்த மற்றவர்களும் அஞ்சாமல் நகராட்சி அலுவலகப் படியேற அது வழிசெய்தது. குடியேறிகளுக்கு அடைக்கலம் தரும் நகரம் என்று சிகாகோ இன்று பெற்றிருக்கும் பெயருக்கு அஸ்திவாரம் அந்த ஒரு தாள்.

சாலை, நடைபாதை, சாக்கடை சீரமைப்புக்குக் கடன் பத்திரம் வெளியிட 29 பேர் ஒப்புதல் தர மறுத்தபோது அவர் எடுத்த வழி ரசிக்கத்தக்கது. எதிரணிக் கவுன்சிலர்களின் வார்டுகளுக்கே போய், உங்கள் தெருவுக்கு வரவேண்டிய நடைபாதையை நிறுத்தி வைத்திருப்பது யார் என்று அங்குள்ள மக்களிடமே சொன்னார். தங்கள் வீட்டு வாசலில் உடைந்து கிடக்கும் நடைபாதைக்கு நிறம் கிடையாது என்று அந்த மக்களுக்குப் புரிந்தது. கவுன்சிலர்கள் இறங்கி வந்தார்கள்.

முட்டுக்கட்டையை உடைத்தது கடைசியில் சட்டம்தான். 1980 மக்கள்தொகைக் கணக்குக்குப் பிறகு வரைந்த வார்டு எல்லைகள் கறுப்பினத்தவரையும் லத்தீன் மக்களையும் துண்டாடிவிட்டன என்று வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1982இல் திருத்தப்பட்ட அதே வாக்குரிமைச் சட்டத்தை வைத்தே வழக்கு வென்றது. நாடாளுமன்றத்தில் ஹரால்டு உழைத்த சட்டம், மூன்றரை ஆண்டுகள் கழித்து அவருடைய மன்றத்தின் கதவையே தட்டியது. ஏழு வார்டுகளில் எல்லையைத் திருத்தி மறுதேர்தல் நடத்த நீதிமன்றம் ஆணையிட்டது. 1986 மார்ச்சிலும் ஏப்ரலிலும் நடந்த அந்தத் தேர்தல்களில் மேயர் அணிக்குத் தேவைப்பட்டது நான்கு இடங்கள். கடைசி இடம் 26ஆம் வார்டு; லூயிஸ் குட்டியரெஸ் என்ற இளைஞர் இரண்டாம் சுற்றில் வென்றதும் கணக்கு 25க்கு 25 ஆனது. சமநிலையில் தீர்மானிக்கும் வாக்கு மேயருடையது. கிடப்பில் கிடந்த நியமனங்கள் நிறைவேறின. மூன்றாண்டுகள் காத்திருந்த மனிதர் அன்றுதான் உண்மையில் மேயரானார்.

1987இல் மீண்டும் போட்டியிட்டார். கட்சி வேட்பாளர் தேர்வில் பைர்னையும், பொதுத் தேர்தலில் தனிக்கட்சியில் நின்ற வெர்டோலியாக்கையும் தோற்கடித்தார். மன்றத்திலும் தெளிவான பெரும்பான்மை கிடைத்தது. இருபது ஆண்டுகள் மேயராக இருக்கப்போவதாக வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலையில் மூழ்கி உடலைக் கவனிக்காதவர். எடை கூடிக்கொண்டே போனது. வீடு என்று பார்த்தால் புத்தகங்கள் இறைந்து கிடக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, அவ்வளவே.

1987 நவம்பர் 25ஆம் தேதி காலை தம் அலுவலக மேசையில் அமர்ந்து செய்தித் தொடர்பாளருடன் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே தலை சாய்ந்தது. கீழே விழுந்த எதையோ எடுக்கக் குனிகிறார் என்றே எதிரில் இருந்தவர் நினைத்தார். மாரடைப்பு. வயது 65. மாநகராட்சிக் கட்டடத்தில் உடல் வைக்கப்பட்டபோது குளிரில் இரவும் பகலும் வரிசை நீண்டது. ஓக் வுட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அடக்கம் நடந்த மறுநாளே, டிசம்பர் 1ஆம் தேதி மாலை, அடுத்த மேயரைத் தேர்ந்தெடுக்க மன்றம் கூடியது. ஹரால்டின் ஆட்கள் இரண்டாகப் பிரிந்துபோனார்கள். யாரை அடுத்து நிறுத்துவது என்று அவர் இருக்கும்போது ஒருவரும் பேசியதில்லை. அவரும் எவரையும் கைகாட்டியதில்லை. அவருடைய மன்றத் தளபதி டிமோதி எவன்ஸ் ஒரு பக்கம். அமைதியான மூத்த கவுன்சிலர் யூஜீன் சாயர் மறுபக்கம். இருவரும் கறுப்பினத்தவரே, இருவரும் அந்த 21 பேரில் இருந்தவர்களே. பழைய எதிரணி வெள்ளைக் கவுன்சிலர்கள் சாயரின் பின்னால் திரண்டார்கள். வெளியே ஆயிரக்கணக்கானோர் திரண்டு, விலைபோய்விட்டீர்கள் என்று டாலர் நோட்டுகளை ஆட்டிக் கூச்சலிட்டார்கள். அதிகாலை நான்கு மணிக்கு வாக்கெடுப்பு முடிந்தது. சாயருக்கு 29, எவன்ஸுக்கு 19.

ஒன்றரை ஆண்டு கழித்து 1989இல் நடந்த தேர்தலில் அந்தப் பிளவு ஆறவில்லை. ரிச்சர்டு எம். டேலி எளிதாக வென்றார். தந்தையைவிடச் சில மாதங்கள் கூடுதலாக, 22 ஆண்டுகள் பதவியில் இருந்தார். மேயர் பதவிக்குத் தேர்தலில் இன்னொரு கறுப்பினத்தவர் வெல்ல 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1991இல் நகரின் நடுவே திறக்கப்பட்ட பிரமாண்டமான பொது நூலகத்துக்கு ஹரால்டு வாஷிங்டன் பெயர் வைத்திருக்கிறார்கள்.